மூன்று முறை கொட்டப்பட்ட மழை

நான்கு பக்கப் பாடக்குறிப்பை எழுதி முடிக்கக் கடல் கடந்து போய்வந்தேன் என்றால் என் விடுதித் தோழிகள் நம்புவதில்லை. தேயிலை மலைகளைப் பார்க்கப் போயிருப்பாய், குறிப்பு ஒரு சாக்கு என்கிறார்கள். மலைகளை நான் அதிகம் பார்க்கவில்லை. போயிருந்த நாட்களில் பெரும்பாலும் அவை மழைக்குள் இருந்தன.

திருச்சியில் தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கிறேன். என் தாத்தாவின் குடும்பம் இலங்கையில் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் திருச்சிக்குத் திரும்பியபோது அவருடைய அண்ணன் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. அந்தக் கிளையில் வந்தவள் யோகம் அக்கா. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறாள். தீபாவளிக்குத் தீபாவளி தொலைபேசியில் கேட்ட குரலாக மட்டுமே அவளை அறிந்திருந்தேன்.

அவளுடைய பாடநூலில் ஒரு வரி இருக்கிறது: சாதகமற்ற நிலையில் சில பற்றீரியாக்கள் வித்திகளை உருவாக்கும். எங்கள் பாக்டீரியாதான் அங்கே பற்றீரியா. கவிதா என்ற மாணவி எழுந்து, "சாதகமில்லன்னு அதுக்கு யாரு டீச்சர் சொல்றது?" என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மாதம் ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு எனக்கு எழுதினாள்: "விஷயம் விளங்கிருச்சி. தமிழ்தான் வரமாட்டேங்குது. லீவுல வாயேன்."

நான் பேச்சில் தயக்கமுள்ளவள். என்னிடம் இருப்பதை ஒருவர் தேவையென்று கேட்டது அதுவே முதல்முறை. போனேன்.

ரயில் அப்புத்தளையோடு நின்றுவிட்டது. முன்னால் எங்கோ பாதையில் மண் இறங்கியிருக்கிறதாம். காவலர் சிங்களத்தில் சொன்னதை எதிரில் இருந்த பெண்மணி எனக்குத் தமிழில் சொன்னார்: இன்று போகாது, நாளை போகுமா என்பது நாளைக்குத்தான் தெரியும். அதை அவர் சொன்ன நிதானம் எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் ஊரில் இந்நேரம் நிலைய அதிகாரியைச் சூழ்ந்துகொண்டிருப்பார்கள். இங்கே ஒவ்வொருவராகக் குடையை விரித்து இறங்கினார்கள்.

நிலையத்துக்கு வெளியே ஒரு சிறு கடை. கடைக்கார முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்றழைத்ததால் நானும் நானா என்றேன். கறுப்புத் தேநீரை ஒரு கோப்பையிலும் சீனியைத் தனியே ஒரு தட்டிலும் வைத்தார். சீனியைத் தேநீரில் கொட்டப் போன என் கையைப் பார்த்துச் சிரித்தார். "உள்ளங்கையில வச்சி நக்கிக் குடிங்க தங்கச்சி. அப்பதான் தேத்தண்ணி தேத்தண்ணியா இருக்கும்." சீனி ஒரு பக்கமும் கசப்பு ஒரு பக்கமுமாக நாக்கில் தனித்தனியே வந்து சேர்ந்தன. மாற்றுவழியாக வெலிமடை போய்ப் பதுளை பஸ் பிடிக்கச் சொல்லி, நடத்துனரிடம் என்னை ஒப்படைத்ததும் அவர்தான்.

வெலிமடையில் ஏறிய பஸ்ஸில் லீக்ஸ் மூட்டைகளுக்கு இருக்கைகளும் எனக்கு ஒரு மூட்டையின் ஓரமும் கிடைத்தன. பதுளையில் இறங்கியபோது என் துப்பட்டா முழுவதும் வெங்காயத்தாள் வாசனை. குடையோடு காத்திருந்த அக்கா முதலில் என்னை முகர்ந்து பார்த்தாள். "மரக்கறிக்காரி மாதிரி வந்திருக்கியே" என்றாள். அதன் பிறகு கையைப் பிடித்தவள் தோட்டம் சேரும் வரை விடவில்லை.

மறுநாள் விடியும் முன்பே பெரியம்மா, அதாவது அக்காவின் அம்மா, பெரட்டுக்குக் கிளம்பிவிட்டார். யாருக்கு எந்த மலையில் வேலை என்று காலையில் பிரித்துச் சொல்லும் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். மழையென்றாலும் பெரட்டு உண்டு. இடுப்பில் படங்கு எனும் முரட்டுத் துணியைச் சுற்றி, முதுகில் கூடையை மாட்டி, எனக்குத் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் மூடிவைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சம்பலின் காரம் என் காதுகள் வரை ஏறியது. பன்னிரண்டு வீடுகளின் அந்த வரிசையில் நான் தண்ணீர் கேட்டு இருமிய சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

லயத்தின் பின்னால் மலை செங்குத்தாக எழுகிறது. முன்னால், வழியோரத்தில், ஒரு கம்பத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மண்சரிவு பார்க்கும் அலுவலகத்தார் கொடுத்த மழைமானி. லயத்தில் அதன் பெயர் மழைப்போத்தல். அடியில் பச்சை, அதன்மேல் மஞ்சள், மேலே சிவப்பு. காலை ஆறு மணிக்கு அளவைப் பார்த்துக் குறித்துவிட்டுக் கொட்ட வேண்டும். மறுநாள் காலை ஆறு மணி வரை தொடக்கூடாது. மஞ்சள் வந்தால் மூட்டை கட்டுவது, சிவப்பு வந்தால் எல்லோரும் கீழேயுள்ள பள்ளிக்குப் போய்விடுவது என்று கூடிப் பேசி வைத்திருந்தார்கள். குறிப்பது படித்தவள் என்பதால் அக்காவின் பொறுப்பு.

அன்றைக்கு ஆறு மணிக்கு நீர் பச்சையின் பாதியில் நின்றது. அக்கா நெற்றியைச் சுருக்கினாள். முந்தின நாள் பகலெல்லாம் மழை விடாமல் பெய்ததை நானும் பார்த்திருந்தேன்.

பக்கத்து வீட்டு முருகேசு அண்ணன் பல் துலக்கியபடியே கேட்டார். "என்னா டீச்சர், போத்தல் என்னா சொல்லுது?"

"பச்சதாண்ணே."

"அதானே. நம்ம ஊத்துற போத்தல்தான் மளமளன்னு எறங்கும். இது ஏறக்கூட மாட்டேங்குது."

அவருடைய மனைவி உள்ளிருந்தே ஏதோ பதில் சொன்னார். வரிசை முழுவதும் சிரித்தது. சிவப்பு வராதவரை இந்த இடத்துக்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது.

அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் குறிப்பைத் தொடங்கினோம். முதல் தடை சொற்களில் வந்தது. நாங்கள் செல் என்பதை இவர்கள் கலம் என்கிறார்கள். நொதி இங்கே நொதியம். பாஸ்பேட், பொசுபேற்று. கலம் என்ற சொல்லைக் கண்டதும் நான் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். தன்னுள் ஒன்றை ஏந்தி வைத்திருப்பது என்ற பொருள் அதில் தானாகவே வந்துவிடுகிறது. மாணவிகளின் சொற்களிலேயே எழுதுவது என்று முடிவானது.

அக்கா விளக்கிய கதை இதுதான். மண்ணில் வாழும் அந்தப் பற்றீரியாவுக்கு உணவு குறைகிறது. கலத்துக்குள் அதை உணர்கிற புரதங்கள் சில இருக்கின்றன. குறைவை உணர்ந்ததும் அவை ஒரு பொசுபேற்றைத் தம்மேல் ஏற்றிக்கொள்கின்றன. அதை அடுத்த புரதத்திடம் கொடுக்கின்றன. அது அடுத்ததிடம், அடுத்தது கடைசிப் புரதத்திடம். பொசுபேற்றைப் பெற்ற கடைசிப் புரதம்தான் மரபணுக்களில் போய் அமர்ந்து, சிலவற்றைத் திறந்து சிலவற்றை மூடுகிறது. ஆனால் ஒன்றிரண்டு அப்படி அமர்ந்தால் போதாது. சிறிதளவு சேரும்போது கலம் வேறு வழிகளைத்தான் முயல்கிறது. பக்கத்திலிருப்பவற்றைக் கொன்று உண்ணக்கூடச் செய்கிறது. மேலும் மேலும் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டுமே வித்தி ஆகும் வேலை தொடங்கும்.

"தாண்டினால்?" என்று கேட்டேன்.

தாண்டினால் கலம் நடுவில் பிரியாமல் ஓர் ஓரமாகச் சுவர் எழுப்பும். ஒரு பக்கம் சின்ன அறை, மறுபக்கம் பெரிய அறை. சுவர் எழுந்து இரண்டு பக்கமும் தத்தம் வேலையைத் தொடங்கிவிட்டால் பிறகு உணவு வந்தாலும் திரும்ப முடியாது. பெரியது சின்னதைத் தன்னுள் இழுத்துக்கொண்டு, அதைச் சுற்றி உறைமேல் உறையாகப் போர்த்தி, கடைசியில் தான் உடைந்து அதை வெளியே விடும். வெந்நீரும் வறட்சியும் தாங்கி அந்த வித்தி ஆண்டுக்கணக்கில் உறங்கும். பெரிய அறைக்கு அறிவியலே தாய்க்கலம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. நான் எந்த அணியும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாளும் மழை ஓயவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தாலும் மேலதிகாரிகள் கூப்பிட்டார்கள் என்று அக்கா பதுளைக்குப் போயிருந்தாள். பெரியம்மா மலைக்குப் போயிருந்தார். நான் இஸ்தோப்பில், வீட்டின் முன்பக்கத் தாழ்வாரத்தில், குறிப்பின் மூன்றாம் பக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் பக்கம் நகரவில்லை. பொசுபேற்றைக் கைமாற்றிக் கொடுக்கிற அதே கலத்தில், அதைப் பறித்து வீசுகிற நொதியங்களும் இருக்கின்றன. சில, நடுவிலிருக்கும் புரதத்திடமிருந்து பறிக்கின்றன. ஒன்று, கடைசிப் புரதத்திடமே பறிக்கிறது. அவை வேலை செய்யும் வரை சேர்வது சேர்ந்துகொண்டே கரைகிறது. எல்லை எட்டாமலே போகிறது. ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் ஏன் எடுக்க வேண்டும்? இதைப் பழி தோன்றாமல் எப்படி எழுதுவது? 'பறிக்கும்' என்று எழுதி அடித்தேன். 'நீக்கும்' என்று எழுதி அதையும் அடித்தேன்.

மத்தியான நிறுவைக்குக் கொழுந்தைக் கொடுத்துவிட்டுப் பெரியம்மா வந்தார். தோட்டத்தில் பறித்த கொழுந்தைக் காலை, மத்தியானம், அந்தி என்று மூன்று முறை நிறுத்துக் கொட்டுவார்கள். வந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. வழியோரத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தார். கோழிக்கு வைத்திருந்த தட்டைக் கவிழ்த்தார். பிறகு கம்பத்திடம் போய் மழைப்போத்தலைக் கழற்றி, நீரைக் கொட்டி, படங்கின் முனையால் உட்புறத்தைத் துடைத்துத் திரும்பவும் மாட்டினார். தினமும் செய்கிற வேலையின் பழக்கம் அந்தக் கைகளில் இருந்தது.

என் பேனா அடித்த சொல்லின் மேலேயே நின்றது.

எழுந்து போய் உடனே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்று நாள் விருந்தாளி நான். அவர் வீட்டில், அவர் சோற்றைத் தின்றுகொண்டு, அவர் செய்தது தவறு என்று எந்த முகத்தோடு சொல்வது? பின்னால் மலையைப் பார்த்தேன். அது இருந்த இடத்தில் வெண்மை மட்டும் இருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து சிறு கற்கள் உருண்டு வந்து வாய்க்காலில் விழும் சத்தம் கேட்டது. வாய்க்கால் நீர் காலையில் இருந்ததைவிடச் சிவந்திருந்தது. அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பெரியம்மா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். "பெரியம்மா, போத்தல் தண்ணிய எப்பவும் நீங்க கொட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. தண்ணி நின்னா கொசு முட்ட போடுதுல்ல."

இரண்டு வருடத்துக்கு முன் யோகம் அக்காவுக்கு டெங்கு வந்து பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்திருக்கிறாள். அப்போது சுகாதாரப் பரிசோதகர் வந்து, ஒரு சிரட்டைத் தண்ணீரில் நெளிந்த புழுக்களை வரிசையே பார்க்கக் காட்டி, யார் வீட்டுச் சிரட்டை என்று கேட்டாராம். பெரியம்மா வீட்டுச் சிரட்டை. அன்றிலிருந்து தண்ணீர் நிற்கும் எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. போத்தல் வந்த நாளிலிருந்து அதையும். நிறுவைக்கு மூன்று முறை கூடையைக் கொட்டிவிட்டு வரும்போது, மூன்று முறையும்.

நான் எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். அந்தத் தண்ணீர் ஒரு நாள் முழுக்கச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் சிவப்பு வரை ஏறும்.

மாவில் இருந்த கை நின்றது. விரல்களில் ஒட்டிய மாவை ஒவ்வொன்றாக வழித்துச் சட்டியில் போட்டார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"கூடையில கொட்டுறத எழுதி வச்சிக் கூட்டுவாங்க. போத்தல்ல நான் கொட்டுனத யாரும் எழுதலையே."

அக்கா மூன்று மணிக்கு வந்தாள். பெரியம்மாவே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா போத்தலைக் கழற்றி எடுத்து வந்து அம்மாவின் முன் வைத்தாள். முப்பது வருடமாகக் கூடையின் நிறையைத் தோளாலேயே சொல்லப் பழகியவர் பெரியம்மா. காலை நிறுவைக்குப் பிறகு கொட்டியது இவ்வளவு என்று குழாயின் மேல் விரலை வைத்தார். அக்கா பேனாவால் கோடிட்டாள். மத்தியானம் இவ்வளவு. இப்போது உள்ளே நிற்பது இவ்வளவு. மூன்றையும் ஒரு நூலில் அளந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். நூலின் நுனி சிவப்பைத் தாண்டி, குழாயின் வாயையும் தாண்டி வெளியே நின்றது.

அக்கா போத்தலைக் கம்பத்தில் திரும்ப மாட்டினாள். பெரியம்மா படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. வரிசையின் ஒரு கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வாசலாகத் தட்டினார். நாங்கள் பின்னால் போனோம். முருகேசு அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டு, "இந்த மழைக்குள்ள புள்ளகுட்டிய இழுத்துக்கிட்டு எங்கக்கா போறது? செவப்பு வரலையே" என்றார். பின்னால் நாலைந்து பேர் அதையே முணுமுணுத்தார்கள்.

பெரியம்மா அந்த வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

"வந்துச்சு முருகேசு. நாந்தான் ஊத்திட்டேன்."

சுகாதாரப் பரிசோதகர் சிரட்டையைத் தூக்கிக் காட்டிய அதே இடமாகத்தான் அது இருந்திருக்க வேண்டும். முதலில் முருகேசு அண்ணனின் மனைவி உள்ளே போய் ஒரு பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வீட்டில். இருட்டும் முன் பன்னிரண்டு குடும்பங்களும் மூட்டைகள், குக்கர்கள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, கூடையில் கவிழ்த்த கோழிகள் சகிதம் பள்ளி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. நடக்கும்போது பெரியம்மா எல்லோருக்கும் கடைசியாக வந்தார். நான் அவரோடு வந்தேன். சறுக்கலான இடங்களில் அவர் கையை நீட்டினார்.

விடிந்ததும் ஆண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மலையின் ஒரு துண்டு இறங்கி, வரிசையின் கோடி மூன்று வீடுகளைக் கூரை வரை மூடியிருந்தது. மூன்றாவது முருகேசு அண்ணனுடையது. உயிருக்குச் சேதமில்லை. அண்ணன் மண்டபப் படியில் வந்து உட்கார்ந்தார். பிறகு சேறு அப்பிய ஒரு பொருளைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். மழைப்போத்தல்.

"கம்பம் சாஞ்சி கெடந்துச்சிக்கா. இத மட்டும் கொண்டாந்தேன்."

பெரியம்மா வாங்கவில்லை. அண்ணன் அதைக் கழுவி, முற்றத்தில் பிள்ளைகள் வலைப்பந்து விளையாடும் கம்பத்தில் தானே கட்டினார்.

ஐந்தாம் நாள் மழை தூறலாக இளைத்தது. நிவாரணமாக வந்த சோற்றுப் பொதியில் பருப்பும் கருவாட்டுச் சம்பலும் இருந்தன. இந்தமுறை நான் இருமவில்லை. சாப்பிட்ட பிறகு மண்டபத்தின் ஒரு மூலையில் அக்கா தன் மாணவிகளை உட்கார வைத்தாள். கவிதாவும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து அங்கேயே தங்கியிருந்தாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தயார் என்று அக்கா அறிவித்தாள். நான்கு பெண்களை நிற்க வைத்து சுண்ணக்கட்டிகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றச் சொன்னாள். கடைசியில் நின்ற கவிதாவின் கையில் கட்டிகள் சேரச் சேர, இன்னொரு பெண் வந்து ஒவ்வொன்றாகப் பறித்துப் போனாள். கவிதா ஒருமுறை கையை மூடிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மூன்றாம் பக்கத்தை வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் இன்னும் காலியாக இருந்த வினைச்சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில், பாய்களுக்கு நடுவே, பெரியம்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

"யோகம்" என்று கூப்பிட்டார். "அந்தப் பறிக்கிறவ கெட்டவளா?"

மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தில் பெரியவர்கள் சிலரும் பார்த்தார்கள். அக்கா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா. அவ இல்லன்னா ஒரு வேள சோறு கொறஞ்சாலே அது சுவர் எழுப்பிக்கிட்டுத் தூங்கப் போயிரும். அப்புறம் திரும்ப முடியாது. இன்னும் கொஞ்ச நாள் பொழச்சிக் கெடக்கட்டும்னுதான் அவ பறிக்கிறா."

பெரியம்மா யோசித்தார். "அப்ப அவளும் வேணும்."

"வேணும்."

"எழுதி மட்டும் வச்சிக்கணும்" என்றார் பெரியம்மா.

முருகேசு அண்ணன்தான் முதலில் சிரித்தார். நான் காலியாக இருந்த இடத்தில் 'காத்துப் பறிக்கும்' என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தாள். நான்காம் பக்கம் அன்று மாலையே முடிந்தது.

ரயில் ஓடத் தொடங்கிவிட்ட செய்தி வந்து, மறுநாள் காலையில் நான் கிளம்பினேன். ஆறு மணிக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. அக்கா நோட்டுப் புத்தகத்தோடு முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே பெரியம்மா அங்கே நின்றார். போத்தலில் நீர் பச்சையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கம்பத்தின் அடியில் யாரோ குடித்துப் போட்ட இளநீர்க் கோம்பையில் இரவு மழை தேங்கியிருந்தது. பெரியம்மா குனிந்து கோம்பையைக் கவிழ்த்தார். நிமிர்ந்து போத்தலைப் பார்த்தார். இரண்டு கைகளையும் படங்குக்குள் வைத்துக்கொண்டு, மகள் வந்து குறிக்கும் வரை காத்து நின்றார்.